கணினி காட்டும் எண் தப்பு: டிரான்ஸ்மிட்டரைத் திருகுவதா, சேனலைத் திருத்துவதா, எக்செலில் கழிப்பதா?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரச் செம்பனை எண்ணெய் ஆலைகளில் கணினிப் பதிவு வந்தாலும் வந்தது, பட்டறையில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. பழக்குலையை ஆவியில் வேகவைக்கும் ஸ்டெரிலைசரின் பேனல் மீட்டர் 3 பார் காட்டுகிறது, கணினி 3.06 காட்டுகிறது. வெந்த பழத்தைக் கூழாக்கும் டைஜெஸ்டரில் செருகிய வெப்பமானி 92 என்கிறது, திரையில் 95. "அண்ணே, டிரான்ஸ்மிட்டர் ஸ்க்ரூவைத் திருப்பட்டுமா, சாஃப்ட்வேர்ல நம்பரை மாத்தட்டுமா? இல்ல, மாசக் கடைசியில எக்செல்ல கழிச்சுக்கலாமா?"

டிரான்ஸ்மிட்டர் என்பது சென்சார் அளந்ததைக் கரண்டாக்கி அனுப்பும் பெட்டி. சேனல் என்பது அந்த ஒரு சிக்னலைக் கணினியின் உள்ளீட்டு கார்டு வழியாகப் படித்து எண்ணாக்கும் சாஃப்ட்வேர் அமைப்பு. மூன்றில் எதைச் செய்தாலும் அன்றைக்கு எண் சரியாகிவிடும். அதனால்தான் குழப்பம். ஆறு மாதம் கழித்து கார்டு மாறும்போதோ, ஆள் மாறும்போதோ, பார் இருந்த இடத்தில் கிலோபாஸ்கல் வந்து உட்காரும்போதோதான் எந்த வழி நிற்கும், எது கவிழ்க்கும் என்பது தெரியும். என் கட்சியை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: பிழை எங்கே பிறந்ததோ அங்கே திருத்துங்கள். பிறந்த இடம் பிடிபடவில்லை என்றால் சாஃப்ட்வேர் சேனலில் திருத்துங்கள். எக்செலுக்கும் ஒரு இடம் உண்டு, ஆனால் அது சின்ன இடம்.

## அதற்கு முன்: இது பிழைதானா, அலகுக் குழப்பமா?

பாதி வழக்கு இங்கேயே முடிந்துவிடும். நம் ஆலைகளில் ஒரே பேனலில் மூன்று தலைமுறை மீட்டர்கள் தொங்கும். பழையது பிஎஸ்ஐ, அடுத்தது சதுர சென்டிமீட்டருக்குக் கிலோ, புதியது பார். பழைய ஆட்கள் இன்னும் "நாற்பது பவுண்டு ஸ்டீம்" என்றுதான் பேசுகிறார்கள். 40 பிஎஸ்ஐ என்பது 2.76 பார், 3 பார் என்றால் 43.5 பிஎஸ்ஐ. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு கேலிபரேஷன் (உண்மை மதிப்போடு ஒப்பிட்டுத் திருத்துவது) செய்ய உட்கார்ந்தால், சரியாக இருந்த சேனலை நாமே கெடுத்துவிடுவோம்.

வித்தியாசத்தின் ஜாடையைப் பாருங்கள். இரண்டு எண்ணையும் வகுத்தால் 14.5 வந்தால் ஒன்று பார், மற்றது பிஎஸ்ஐ. எல்லா இடத்திலும் 2 விழுக்காடு மட்டும் விலகினால் கிலோவும் பாரும் கலந்திருக்கின்றன. 1 கிலோ என்பது 0.981 பார். எந்த அழுத்தத்திலும் மாறாமல் ஏறக்குறைய 1 பார் கூடுதலாகக் காட்டினால், சென்சார் வெற்றிடத்திலிருந்து எண்ணுகிறது, மீட்டர் வெளிக்காற்றின் அழுத்தத்திலிருந்து எண்ணுகிறது. இந்தக் கடைசி வகையை லேசாக எடுக்கக் கூடாது. மீட்டர் கணக்கில் 3 பார் நிறைநிலை நீராவி ஏறக்குறைய 144 டிகிரி செல்சியஸ். அதே 3 பாரை வெற்றிடக் கணக்கில் எடுத்தால் 133.5 டிகிரிதான். பழக்குலை வெந்ததா இல்லையா என்பதே அந்தப் பத்து டிகிரியில் இருக்கிறது.

## எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

அலகு சரி, இருந்தும் எண் விலகுகிறது என்றால், கையை வைக்கும் முன் சில விஷயங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, இந்த சிக்னலை வேறு யார் படிக்கிறார்கள்? கணினி மட்டுமா, பேனல் மீட்டரும் பிஎல்சியும் (இயந்திரத்தை ஓட்டும் கட்டுப்பாட்டுக் கருவி) கூடவா? இரண்டாவது, உண்மை மதிப்பு தெரிந்த இரண்டு நிலைகளை அந்த சென்சாருக்கு உங்களால் கொடுக்க முடியுமா? மூன்றாவது, சென்சாரின் நடை நேர்கோடா, வளைவா? நான்காவது, நாளைக்கு "இது தப்பு" என்று தெரிந்தால் பழைய பதிவைத் திருப்பி எடுக்க முடியுமா? கடைசியாக, இதை அடுத்து பார்க்கப்போகிறவர் யார்? பாலிடெக்னிக் முடித்து ஆறு மாதப் பயிற்சிக்கு வந்திருக்கும் தம்பிக்கும், இருபது வருடமாக அதே ஆலையில் இருக்கும் சார்ஜ்மேனுக்கும் ஒரே ஏற்பாடு ஒத்துவராது.

பிழை பிறந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். 0 முதல் 10 பார் வரையிலான டிரான்ஸ்மிட்டர் 4–20 மில்லியாம்பியரில் 3 பாருக்கு 8.80 மில்லியாம்பியர் தர வேண்டும். மீட்டரை லூப்பில் (அந்தக் கரண்ட் ஓடும் சுற்றில்) தொடராக மாட்டிப் பாருங்கள். லூப்பைத் துண்டிக்கும் முன் பாய்லர்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அலாரம் அடித்தால் அவர்தான் ஓடுவார். 8.80 சரியாக வந்தால் டிரான்ஸ்மிட்டர் மேல் குற்றமில்லை. அடுத்து கார்டின் முனையில் கரண்டை வோல்ட்டாக்கும் 250 ஓம் ரெசிஸ்டரின் இரு பக்கமும் வோல்ட்டைப் பாருங்கள். 2.200 வர வேண்டிய இடத்தில் 2.222 இருந்தால், ஆள் கிடைத்துவிட்டான். ஈப்போ கடையில் வாங்கிய 1 விழுக்காடு ரெசிஸ்டர் 252.5 ஓமாக உட்கார்ந்திருக்கிறது. திரையில் 3.06 பார் வந்தது இதனால்தான்.

## வழி 1: டிரான்ஸ்மிட்டரிலேயே திருத்துவது

பெரிய பலம், ஒரே இடத்தில் திருத்தினால் பேனல், பிஎல்சி, கணினி மூன்றும் சேர்ந்து சரியாகும். கணினி செத்தாலும் திருத்தம் சாகாது. பிழை உண்மையிலேயே சென்சாரில் இருந்தால் இதுதான் முறை.

மேலே சொன்ன ரெசிஸ்டர் கதையில் இதைச் செய்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். கணினியில் 3.00 தெரிவதற்காக டிரான்ஸ்மிட்டரைக் கொஞ்சம் கீழே இறக்குகிறோம். அதே கரண்டைப் படிக்கும் பேனல் மீட்டர் இப்போது 2.95 காட்டும். ஸ்டீம் விடுகிறவர் பேனலைப் பார்த்துத்தானே வால்வைத் திறக்கிறார்?

மறைவான செலவுகளும் இருக்கின்றன. கைப்பம்பும், நம்பத்தக்க ஒப்பீட்டு மீட்டரும் வேண்டும். அந்த ஒப்பீட்டு மீட்டரையே அவ்வப்போது சாம் (மலேசிய ஆய்வுக்கூட அங்கீகாரத் திட்டம்) அங்கீகாரம் பெற்ற கேலிபரேஷன் கூடத்துக்கு அனுப்ப வேண்டும். எல்லா சென்சாரையும் கழற்றி அனுப்புவதைவிட, ஒரு நல்ல மீட்டரை அனுப்பி அதை வைத்து மற்றவற்றை இங்கேயே பார்ப்பது எவ்வளவோ மலிவு. பழைய அனலாக் வகையில் ஸ்பேன் (அளவின் மேல்கோடி) ஸ்க்ரூவைத் திருப்பினால் ஸீரோ (கீழ்க்கோடி) நகரும், ஸீரோவைச் சரிசெய்தால் ஸ்பேன் நகரும். இரண்டும் அடங்கும்வரை மாறி மாறித் திருப்ப வேண்டியதுதான்.

அதே கம்பியில் டிஜிட்டலாகவும் பேசும் ஹார்ட் வகையில் வேறொரு பொறி. ரேஞ்சை மாற்றுவதும் (எந்த அழுத்தத்துக்கு 4, எதற்கு 20 மில்லியாம்பியர் என்பது) டிரிம் செய்வதும் (அளவை உண்மையோடு ஒத்துப்போகத் திருத்துவது) வேறு வேறு வேலை. 'துல்லியம் கூடட்டும்' என்று யாராவது டிரான்ஸ்மிட்டரை 0–6 பாராக மாற்றி, சாஃப்ட்வேரில் 0–10 என்றே விட்டுவிட்டால், 3 பாருக்கு 12 மில்லியாம்பியர் வரும், கணினி அதை 5 பார் என்று பதியும். அலறுகிற அளவு தப்பு என்பதால் இதைப் பிடித்துவிடலாம். 0–10-ஐ 0–10.5 ஆக்கிவிட்டு மறந்தால்தான் மாதக் கணக்கில் யாருக்கும் தெரியாது.

ஸ்டீம் லைனில் இன்னொன்று. டிரான்ஸ்மிட்டருக்கு முன் உள்ள பன்றிவால் போன்ற சுருள் குழாயில் தண்ணீர் நிற்கும். நிற்கவும் வேண்டும், இல்லாவிட்டால் சூட்டில் சென்சார் போய்விடும். ஆனால் டிரான்ஸ்மிட்டர் குழாய்வாயிலிருந்து 2 மீட்டர் கீழே மாட்டப்பட்டிருந்தால், அந்த நீர்க்கம்பம் மட்டுமே 0.2 பார் கூட்டிக் காட்டும். பட்டறை மேசையில் வைத்து ஸீரோ செய்து கொண்டுபோய் மாட்டியவருக்கு இது புதிராக இருக்கும். இந்தப் பிழை மாட்டிய இடத்தில் பிறந்தது. குழாயில் தண்ணீர் நிறைந்திருக்க, ஸ்டீம் இல்லாத நேரத்தில், அந்த இடத்திலேயே ஸீரோ செய்ய வேண்டும்.

## வழி 2: சாஃப்ட்வேர் சேனலில் திருத்துவது

ஆலையில் நடக்கும் பெரும்பாலான கேஸுக்கு நான் சொல்வது இதைத்தான். செலவில்லை, பிரிப்பதில்லை, உற்பத்தி நிற்பதில்லை, தப்பானால் பழைய எண்ணைத் திரும்பப் போட்டால் போதும். சென்சார், கேபிள், ரெசிஸ்டர், கார்டு என்று வழியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்த பிழை எல்லாம் ஒரே அடியில் அடங்கும்.

ஆனால் "சாஃப்ட்வேரில் மாற்றுவது" என்பது ஒரே வேலை இல்லை. லேப்வியூ என்ற பதிவு சாஃப்ட்வேரோடு பயன்படுத்தும் என்ஐ-டாக்எம்எக்ஸில் (கார்டை இயக்கும் டிரைவர்) ஒரு சேனலுக்கு நாம் உருவாக்கும் ஸ்கேலில், அதாவது வோல்ட்டை அளவாக மாற்றும் விதியில், நான்கு வகை இருக்கின்றன: நேர்கோடு, ரேஞ்சுக்கு ரேஞ்ச் பொருத்துவது, அட்டவணை, பல்லுறுப்புக் கோவை. வேறு பல சாஃப்ட்வேரிலும் பெயர் மாறலாம், சங்கதி ஏறக்குறைய இதுதான்.

சென்சாரின் தாளில் உள்ள எண்ணை அப்படியே போடுவது, அதாவது 1 வோல்ட் 0 பார், 5 வோல்ட் 10 பார், முதல் நாளுக்குப் போதும். அது கேலிபரேஷன் ஆகாது. தயாரித்தவர் சொன்னதை நம்புகிறோம், அவ்வளவுதான்.

இரண்டு புள்ளித் திருத்தம்தான் உழைக்கும் மாடு. உண்மை மதிப்பு தெரிந்த இரண்டு நிலையைக் கொடுத்து, இரண்டிலும் வரும் வோல்ட்டைப் பிடித்து, நடுவில் கோடு இழுப்பது. புள்ளிகளை எங்கே எடுப்பது என்பதில்தான் சூட்சுமம். சிலர் அறை வெப்பத்தில் 25 டிகிரி ஒன்று, வெதுவெதுப்பான தண்ணீரில் 35 டிகிரி ஒன்று எடுத்துவிட்டு, டைஜெஸ்டரில் 95 டிகிரி அளக்கப் போவார்கள். இரண்டு புள்ளியிலும் எதிரெதிர்ப் பக்கமாக அரை டிகிரி தவறினால், 95-இல் அது 6.5 டிகிரியாக ஊதிவிடும். அளக்கப்போகும் வரம்பின் இரண்டு கோடியிலும் புள்ளி எடுங்கள்.

வெப்பத்துக்கு இரண்டு கோடியும் நம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. ஐஸ் கச்சாங் கடையில் சீவித் தரும் ஐஸ்தான் இதற்கு வாகானது (சிரப்பு ஊற்றுவதற்கு முன் வாங்கிவிடுங்கள்). பிளாஸ்க்கில் அதை நெருக்கி அடைத்து, இடுக்கு நிறையும் அளவுக்கு மட்டும் சுத்தமான தண்ணீர் விட்டு, சென்சார் அடியைத் தொடாமல் நடுவில் நிறுத்திக் கிளறிக்கொண்டே இருந்தால் 0 டிகிரி. மேல் கோடிக்குக் கொதிநீர். சுங்கை சிப்புட் உயரத்தில் 100-ஐ ஒட்டி வரும். இதையே கேமரன் மலை தேயிலைத் தொழிற்சாலையில் செய்தால் கவனம்: தானா ராத்தா உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே 100 என்று தட்டினால் டிரையர் முழுவதும் 5 டிகிரி பொய்யில் ஓடும்.

வளைவான சென்சாருக்கு இரண்டு புள்ளி முழுதாகப் போதாது. வெப்பத்துக்கேற்ப மின்தடை மாறும் பிடி-100 சென்சார் 0 டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.51 ஓம். இரண்டுக்கும் நடுவே நேர்கோடு இழுத்தால் 50 டிகிரியில் 0.4 டிகிரி கூட்டிக் காட்டும். புகைக்கூண்டில் ரப்பர் தாளை 50, 60 டிகிரியில் உலர்த்துகிறவருக்கு இது தாங்கும், ஆய்வுக்கூடத்துக்குத் தாங்காது. சாஃப்ட்வேரில் பிடி-100 என்றே ஒரு தேர்வு இருந்தால் அதையே எடுங்கள், சொந்தமாகக் கோவை எழுத வேண்டாம். எழுதித்தான் ஆக வேண்டுமென்றால் எல்லா இலக்கத்தையும் போடுங்கள். இரண்டாம் படிக் கெழு மைனஸ் 0.0000005775. 'இத்தனை சின்ன எண் எதற்கு' என்று விட்டால் 100 டிகிரி 98.5 ஆகிவிடும். கோவைக்கு இன்னொரு கெட்ட குணமும் உண்டு: கேலிபரேட் செய்த வரம்பைத் தாண்டினால் எங்கு வேண்டுமானாலும் பாயும்.

சேனல் திருத்தத்தின் மறைவான செலவுக்கு வருவோம். ஒன்று, இது அந்தக் கார்டோடும் அந்த ரெசிஸ்டரோடும் கட்டப்பட்டது. நம் பக்கத்துச் சாயங்கால இடியில் கார்டு போனால், புதுக் கார்டுக்குப் பழைய திருத்தம் செல்லாது. கணினியே போனால், கான்ஃபிகரேஷன் கோப்பின் நகல் வேறெங்கும் இல்லாவிட்டால், எல்லாம் போச்சு. இரண்டு, அலகை மாற்றும்போது அலாரம் வரம்பு தானாக மாறும் என்று நினைக்காதீர்கள். பாரிலிருந்து கிலோபாஸ்கலுக்கு மாற்றினீர்கள், 3.2 என்ற மேல் வரம்பு 3.2 ஆகவே நிற்கிறது. திரையில் 300, அலாரம் விடாமல் கத்தும், யாரோ ஒருவர் அதை அணைத்துவிட்டுப் போவார், அப்புறம் உண்மையான அலாரமும் வராது. மூன்று, என்ஐ-டாக்எம்எக்ஸில் சேனலின் குறைந்தபட்ச, அதிகபட்ச மதிப்பைத் திருத்திய அலகில்தான் கொடுக்கிறோம். கார்டு எந்த உள்ளீட்டு வரம்பில் அளக்க வேண்டும் என்பது அதிலிருந்துதான் தீர்மானமாகிறது. அதைத் தப்பாகக் கொடுத்தால் ஒன்று உச்சியில் வெட்டுப்படும், அல்லது பெரிய வரம்பில் அளந்து நுணுக்கம் போய்விடும். 12-பிட் கார்டுக்கு 10 வோல்ட் வரம்பில் ஒரு படி 2.44 மில்லிவோல்ட், ஏற்கெனவே முரடு, அதை இன்னும் முரடாக்க வேண்டாம்.

திருத்திய மதிப்போடு திருத்தாத வோல்ட்டையும் ஒரு பத்தியில் பதியச் சொல்லுங்கள். டிஸ்க் இடம் கொஞ்சம் போகும், பரவாயில்லை. பழைய பதிவைத் திருப்பி எடுக்கும் வழி அதில்தான் இருக்கிறது.

## வழி 3: பதிவான பிறகு எக்செலில் திருத்துவது

மாணவர் ஆய்வுக்கும், இரண்டு வாரச் சோதனை ஓட்டத்துக்கும் இது நல்ல வழி. மூல எண் கெடவில்லை, சூத்திரம் கண்ணுக்குத் தெரிகிறது, யாரும் எதையும் பிரிக்கவில்லை. தினசரி ஓட்டத்துக்கு ஆகாது. இரவு ஷிப்டில் இருப்பவர் திரையில் பார்ப்பது தப்பான எண்ணைத்தானே.

பலரும் கவனிக்காத சிக்கல் சராசரி. ஸ்டீம் ஓட்டத்தை ஆரிஃபைஸ் தட்டில் (குழாய்க்குள் வைக்கும் துளையுள்ள தட்டு) அளக்கிறோம் என்று வையுங்கள். ஓட்டம், அழுத்த வேறுபாட்டின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. வேறுபாடு பாதி நேரம் 25, பாதி நேரம் 100 என்றால் ஓட்டம் 5, 10, சராசரி 7.5. ஆனால் லாகர் (பதிவுக் கருவி) பத்து நிமிடச் சராசரியை மட்டும் சேமித்திருந்தால் கையில் இருப்பது 62.5. அதன் வர்க்கமூலம் 7.9. ஐந்து விழுக்காடு கூடுதல். அந்த 25-உம் 100-உம் கோப்பில் இல்லாததால் எக்செலில் என்ன வித்தை காட்டினாலும் இதைச் சரிக்கட்ட முடியாது. நேர்கோட்டுத் திருத்தத்துக்கு இந்தத் தொல்லை இல்லை.

## ஒரே பார்வையில்

| பார்ப்பது | டிரான்ஸ்மிட்டரில் | சேனலில் | எக்செலில் |
|---|---|---|---|
| யாருக்குச் சரியாகும் | லூப்பில் உள்ள எல்லாருக்கும் | கணினிக்கு மட்டும் | அறிக்கைக்கு மட்டும் |
| தேவைப்படும் கருவி | பம்பு, ஒப்பீட்டு மீட்டர், ஹார்ட் வகைக்குக் கம்யூனிகேட்டரும் (அதன் கையடக்க அமைப்புக் கருவி) | தெரிந்த இரண்டு நிலை | தெரிந்த இரண்டு நிலை |
| வளைவான சென்சார் | வகையைப் பொறுத்தது | அட்டவணை, கோவை உண்டு | சராசரிக்கு முந்தைய பதிவு இருந்தால் மட்டும் |
| பின்வாங்குவது | பழைய நிலையைக் குறித்திருந்தால் | எளிது, மூல வோல்ட் இருந்தால் | மிக எளிது |
| மறைவான செலவு | மற்ற மீட்டர்கள் கெடலாம், வேலை நிற்கும் | கார்டு மாறினால் மீண்டும் செய்ய வேண்டும் | ஆளுக்கொரு சூத்திரம் |

அட்டவணையில் ஏற்ற முடியாத ஒன்று: இரண்டு இடத்தில் திருத்துவது. ஃபிட்டர் டிரான்ஸ்மிட்டரைச் சரிசெய்கிறார், அதே வாரம் கணினிக்காரர் பழைய வித்தியாசத்தை சேனலில் கழிக்கிறார். பிழை இப்போது மறுபக்கம். டிரான்ஸ்மிட்டர் மூடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, எங்கே திருத்தியது, என்றைக்கு, முன்பு என்ன, இப்போது என்ன என்று எழுதிவையுங்கள். எண்ணெய்க் கை படாத உட்பக்கத்தில் ஒட்டினால் கொஞ்ச நாள் நிற்கும்.

## எந்த இடத்துக்கு எது?

ஸ்டெரிலைசர் அழுத்தம்: பேனலும் படிக்கிறது. மில்லியாம்பியர் தப்பு என்றால் டிரான்ஸ்மிட்டர். மில்லியாம்பியர் சரி என்றால் 0.1 விழுக்காடு ரெசிஸ்டராக மாற்றிவிடுங்கள், கிடைக்கும்வரை சேனல்.

டைஜெஸ்டர் வெப்பம்: 92-க்கு 95 காட்டினால் முதலில் இணைப்பைப் பாருங்கள். இரண்டு கம்பியில் இழுத்த பிடி-100-க்குக் கேபிளின் ஒவ்வொரு ஓமும் 2.6 டிகிரி கூட்டும். 3 டிகிரி என்றால் 1.15 ஓம் அளவு. மூன்று கம்பியாக்க முடிந்தால் ஆக்குங்கள், முடியாவிட்டால் சேனலில் கழித்துவிடுங்கள்.

கழிவுநீர்க் குளத்து பிஎச்: மீட்டரிலேயே, 4-உம் 7-உம் உள்ள பஃபர் கரைசலில். எலெக்ட்ரோடு வயதாக ஆக அதன் சரிவு குறையும். 25 டிகிரியில் ஒரு பிஎச்சுக்கு 59 மில்லிவோல்ட் என்பது புதுசுக்கு உள்ள கணக்கு. வெப்ப ஈடும் மீட்டருக்குள்ளேதான் நடக்கிறது. சேனலில் கைவைத்தால் அது இரட்டைத் திருத்தமாகிவிடும்.

எண்ணெய்த் தொட்டி மட்டம்: சந்தேகமில்லாமல் சேனல், அதுவும் அட்டவணை. அடியில் கூம்பு உள்ள தொட்டியில் மீட்டருக்கும் லிட்டருக்கும் நேர்கோடு கிடையாது. அழுத்தத்தை வைத்து மட்டம் சொல்லும் சென்சாரைத் தண்ணீரில் கேலிபரேட் செய்திருந்தால், அடர்த்தி 0.89 உள்ள சூடான செம்பனை எண்ணெயில் 5 மீட்டரை 4.45 என்று காட்டும். டேப் விட்டு அளந்த சில மட்டங்களை அட்டவணையில் போட்டால் இரண்டும் ஒன்றாகத் தீரும்.

லோரி எடைமேடை: எந்த வழியும் வேண்டாம். பழத்துக்குக் காசு கொடுக்கும் எடை 1972ஆம் ஆண்டு எடை அளவைச் சட்டத்தின் கீழ் சோதித்து முத்திரையிடப்பட்டது. எடை தப்பு என்று தோன்றினால் அதற்கு உரியவர்களை அழைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். இண்டிகேட்டரின் சீரியல் போர்ட்டிலிருந்து வரும் எண்ணை அப்படியே பதியுங்கள்; ஸ்கேல் 1, ஆஃப்செட் 0.